ஊட்டிக்கு ரேஸ் வேணுமா, வேண்டாமா?

ஊட்டின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ரோஜா தோட்டம், வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், பொம்மை மாதிரி ஒரு ரயில். குதிரைன்னா, படகு இல்லம் பக்கத்துல காசு குடுத்து ஏறி ஒரு ரவுண்டு போய் போட்டோ எடுத்துக்கிற குதிரை. ஆனா ஊட்டிக்காரங்களுக்கு ஏப்ரல், மே மாசம்னா வேற குதிரையும் ஞாபகம் வரும். சென்னை, பெங்களூரு, புனேன்னு பல ஊர்ல இருந்து லாரில ஏத்திக் கொண்டுவர்ற பந்தயக் குதிரை. வருஷா வருஷம் தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி ஆரம்பிச்சு, கோடை முடியற வரைக்கும் ஊர் நடுவுல, பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் பக்கத்துலயே பந்தயம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. நீலகிரி டெர்பி, நீலகிரி தங்கக் கோப்பைன்னு பெரிய பந்தயங்களுக்குத் தனிப் பேரே உண்டு. 1886-ல இருந்து வர்ற கதை இது.

2024 ஜூன் மாசம் வருவாய்த்துறை அதிகாரிகள் போய் அந்த 52.34 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கிட்டாங்க. குத்தகைக் காலம் 1978-லயே முடிஞ்சுபோச்சு, வாடகை பாக்கி மட்டும் 822 கோடின்னு அரசு கணக்கு சொல்லுது. நிலம் தோட்டக்கலைத் துறை கைக்குப் போய், சூழல் பூங்கா வரப்போகுதுன்னு அறிவிச்சாங்க.

நியூஸ் பார்த்தப்ப நான் என்ன நினைச்சேன்னா, ஊர் மொத்தமும் வெடி வெடிச்சுக் கொண்டாடியிருக்கும். சூதாட்டம் போச்சு, பூங்கா வந்துச்சு, வேற என்ன வேணும்? எங்க ஹாஸ்டல்ல ஊட்டிப் பையன் ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட கேட்டா, "எங்க வீட்லயே இதுக்கு மூணு கட்சிடா"ன்னு சொல்லிட்டு சிரிச்சான். அந்த மூணு கட்சி என்னன்னு தேடப் போய்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல இந்த நிலம் எங்க இருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம். 1823–25 வாக்குல கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் ஊட்டி ஏரியை உண்டாக்கினார். அது இயற்கையா வந்த ஏரி இல்லை, மலை ஓடைகளைத் தடுத்துக் கட்டினது. அப்ப இருந்த ஏரி இன்னிக்கு நீங்க பெடல் போட் ஓட்டுற ஏரியை விட ரொம்பப் பெரிசு. கொஞ்சம் கொஞ்சமா அது சுருங்க, காலியான இடத்துலதான் இப்ப இருக்கிற பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் ஏரிப் பூங்காவும் வந்துச்சு. சுத்தி எங்க பார்த்தாலும் சரிவா இருக்கிற ஊர்ல, 50 ஏக்கருக்கு மேல சமதளமா ஒரே துண்டா ஒரு இடம். சிவில் டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு இதோட மதிப்பு சொல்லாமலே புரியும். ஃபுட்பால் மைதானக் கணக்குல சொன்னா கிட்டத்தட்ட 30 மைதானம். அதனாலதான் ரேஸ் பத்தின சண்டை எப்பவுமே பாதி குதிரையைப் பத்தினது, பாதி தரையைப் பத்தினது.

மெட்ராஸ் மாகாணத்துக்கு ஊட்டிதான் கோடைத் தலைநகரம். வெயில் ஆரம்பிச்சா கவர்னர்ல இருந்து குமாஸ்தா வரைக்கும் மூட்டை கட்டிக்கிட்டு மலை ஏறிடுவாங்க. ஏறினவங்களுக்குப் பொழுது போகணுமே. கிளப், வேட்டை, குதிரைப் பந்தயம் எல்லாம் அப்படி வந்ததுதான். (ஸ்நூக்கர் விளையாட்டோட விதிகளை முதன்முதலா எழுதி மாட்டினது ஊட்டி கிளப்லதான். அடுத்த தடவை க்விஸ்ல கேட்டா எனக்கு ஒரு டீ.) வெள்ளைக்காரன் போனதுக்கு அப்புறமும் மெட்ராஸ் ரேஸ் கிளப் கிண்டில குளிர்காலப் பந்தயம், ஊட்டில கோடைப் பந்தயம்னு அதே பழக்கத்தைத் தொடர்ந்துச்சு.

இப்ப அந்த மூணு கட்சிக்கு வருவோம்.

முதல் கட்சி, சீசனை நம்பிப் பிழைக்கிறவங்க. 2011 கணக்கெடுப்புப்படி ஊட்டி நகரத்தோட மக்கள்தொகை 88,430 பேர். வருஷம் பூரா சம்பாதிக்க முடியாத ஊர் அது. ஜூன்ல மழை இறங்கிட்டா டாக்ஸி ஸ்டாண்டு காத்து வாங்கும். ஏப்ரல், மே ரெண்டு மாசத்துல சம்பாதிச்சு மீதி பத்து மாசத்தைத் தள்ளணும். ரேஸுக்கு வர்ற கூட்டம் பூ பார்க்க வர்ற கூட்டம் மாதிரி இல்லை. மலர் கண்காட்சிக்கு வர்றவங்க ரெண்டு நாள்ல போயிடுவாங்க. குதிரைக்காரங்களும் பயிற்சியாளர்களும் ஜாக்கிகளும் லாயத்துல வேலை செய்றவங்களும் மாசக்கணக்குல தங்குவாங்க. அவங்களுக்கு ரூம் வேணும், சாப்பாடு வேணும், குதிரைக்குப் புல்லும் வைக்கோலும் வேணும், லாடம் அடிக்க ஆள் வேணும். நண்பனோட மாமா டாக்ஸி ஓட்டுறார். அவருக்கு ரேஸ் ஆளுங்க நல்ல சவாரி. பேரம் பேச மாட்டாங்களாம். ஜெயிச்ச அன்னிக்கு டிப்ஸ், தோத்த அன்னிக்கு கடன்.

ரெண்டாவது கட்சி அவனோட பாட்டி. அவங்களுக்கு ரேஸ்னாலே ஆகாது. தாத்தா டீ எஸ்டேட்ல வேலை பார்த்தவர், சீசன் வந்தா சம்பளக் கவரோட நேரா கேலரிக்குப் போயிடுவாராம். குதிரை ஓடறதைப் பார்த்தா அழகா இருக்கும்னு பாட்டியே ஒத்துப்பாங்க. ஆனா அந்த அழகுக்கு அவங்க குடுத்த விலை ரெண்டு வளையல்.

அது ஏன் அப்படின்னு கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம், இதுதான் நமக்குத் தெரிஞ்ச பாஷை. ரேஸ் கோர்ஸ்ல பணம் கட்ட ரெண்டு வழி. ஒண்ணு புக்கி. இன்னொண்ணு டோட், அதாவது டோட்டலைசேட்டர். டோட்ல நீங்க கிளப்போட மோதுறது இல்லை, பக்கத்துல நிக்கிற ஆளோட மோதுறீங்க. எல்லார் காசும் ஒரே உண்டியல்ல விழும். ஒரு உதாரணம்: மொத்தம் 10,000 ரூபா விழுந்திருக்கு. அ குதிரை மேல 6,000, ஆ மேல 3,000, இ மேல 1,000. வரி, கமிஷன்னு 25 சதவீதம் முதல்லயே எடுத்துடறாங்கன்னு வச்சுக்கோங்க. மிச்சம் 7,500. அ ஜெயிச்சா, 10 ரூபா கட்டினவருக்கு 12 ரூபா 50 காசு. இ ஜெயிச்சா 75 ரூபா. எல்லாரும் நம்பின குதிரை ஜெயிச்சா லாபம் கம்மி, யாரும் நம்பாதது ஜெயிச்சா லாபம் அதிகம்.

இதுல கவனிக்க வேண்டியது அந்த 25 சதவீதம். யார் ஜெயிச்சாலும் தோத்தாலும் அது உண்டியலை விட்டு வெளியே போயிடும். கேலரில நிக்கிற மொத்தப் பேரும் 1,000 ரூபா கொண்டு வந்து, கைக்கு வந்ததை அப்படியே திரும்பத் திரும்ப அஞ்சு பந்தயத்துல கட்டினாங்கன்னா, கடைசியா அவங்களுக்குள்ள மிச்சம் இருக்கிறது 237 ரூபா. 0.75-ஐ அஞ்சு தடவை பெருக்கிப் பாருங்க. ஒருத்தர் ரெண்டு பேர் பாக்கெட் நிறைய எடுத்துட்டுப் போகலாம், ஆனா கூட்டமா பார்த்தா கேலரி எப்பவும் தோத்துத்தான் வீட்டுக்குப் போகும். பாட்டி ஈக்வேஷன் எழுதாம இதைக் கண்டுபிடிச்சுட்டாங்க.

அப்ப இது சூதாட்டம்தானேன்னு கேப்பீங்க. இங்கதான் கதை சுவாரசியமாகுது, நம்ம எல்லாருக்கும் சம்பந்தம் உள்ள இடமும் இதுதான். 1974-ல கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தையே ஒழிக்க ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. ஏழைத் தொழிலாளி வீட்டு அடுப்பு அணையுதுங்கிற அதே பாட்டி நியாயம்தான் அதுக்குப் பின்னாடி இருந்தது. கிளப் கோர்ட்டுக்குப் போச்சு. 1986-ல எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே அரசு எடுத்துக்கற மாதிரி இன்னொரு சட்டம் போட்டுச்சு. அதுவும் கோர்ட்டுக்குப் போச்சு. கடைசியில 1996 ஜனவரி 12 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு இல்லை, திறமை விளையாட்டு. குதிரையோட வம்சம், பயிற்சி, ஜாக்கியோட திறமை, எவ்வளவு எடை தூக்கி ஓடுது, இதையெல்லாம் ஆராய்ஞ்சு கட்டறது சீட்டுக் குலுக்கல் மாதிரி ஆகாது. 1986 சட்டம் செல்லாது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்குன்னு சொல்வாங்க இதை.

உங்க போன்ல ரம்மி ஆப் விளம்பரம் வந்து கழுத்தறுத்துச்சே, ஞாபகம் இருக்கா? 2022-ல தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் போட்டப்ப ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியல்ல சேர்த்தாங்க. 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை மட்டும் தூக்கிடுச்சு. திறமை விளையாட்டுங்கிற வாதம் ஜெயிக்கறதுக்கு ஊன்றுகோலா இருந்த பழைய தீர்ப்புகள்ல நம்ம ஊர் குதிரை வழக்கும் ஒண்ணு. மத்திய அரசு 2025 ஆகஸ்ட்ல பணம் கட்டி ஆடற ஆன்லைன் கேம் எல்லாத்துக்கும் தடைச் சட்டம் கொண்டு வந்தப்பதான், திறமையா அதிர்ஷ்டமாங்கிற கேள்வியையே ஓரம் கட்டினாங்க. கிண்டிலயும் ஊட்டிலயும் ஓடின குதிரையோட குளம்புச் சத்தம் ஹாஸ்டல் ரூம் வரைக்கும் கேட்டிருக்கு.

என் சொந்தக் கருத்தைக் கேட்டா, திறமை இருக்குங்கிறது உண்மைதான். ஆனா திறமை இருந்தா நஷ்டம் வராதுன்னு அர்த்தம் இல்லை. கேலரில நிக்கிற எல்லாரும் மேதையா இருந்தாலும் அந்த 25 சதவீதம் போயிடும். ஒரு மேதை ஜெயிக்கணும்னா பத்து சாதாரண ஆள் தோக்கணும். கோர்ட் பதில் சொன்ன கேள்வி வேற, பாட்டி கேட்ட கேள்வி வேற. வரி போட்டா கூட்டம் குறையும்னு ஒரு வாதம் உண்டு. 2023 அக்டோபர்ல இருந்து பந்தயம் கட்டுற முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர்ல இருந்து 40. அவ்வளவு வரி வந்தா ஆள் கள்ளப் புக்கிகிட்ட போவான், இல்லன்னா வரமாட்டான். ரெண்டுல எது நடந்தாலும் டாக்ஸி மாமாவுக்கு நஷ்டம்தான்.

மூணாவது கட்சி, நண்பனோட அக்கா. நர்ஸ். அவங்களுக்கு ரேஸும் பிடிக்காது, பூங்காவும் பிடிக்காது. அவங்க பிரச்சனை டிராஃபிக். சேரிங்கிராஸ்ல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போயிடலாம். மே மாசம் பஸ்ல போனா எப்ப வந்து சேரும்னு சொல்ல முடியாது. கேரட் ஏத்தின லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துக்கு இறங்க முடியாம நிக்கும், ஆம்புலன்ஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கும். இந்தக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தத்தான் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வந்துச்சு. 2025 ஏப்ரல்ல இருந்து சீசன்ல வார நாள்ல 6,000 வண்டி, வாரக் கடைசில 8,000 வண்டின்னு அளவும் வச்சாங்க. டிஎன் 43 போர்டு போட்ட உள்ளூர் வண்டிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அக்காவைப் பொறுத்தவரை அது ஒண்ணுதான் நல்ல செய்தி. ரேஸ் கூட்டம் போய் பூங்கா கூட்டம் வந்தா எனக்கு என்ன வித்தியாசம்னு கேக்கறாங்க. இதுல ஒரு வேடிக்கை, சீசன் நேரத்துல டூரிஸ்ட் வண்டி நிறுத்த இடம் பத்தாதப்ப அந்த ரேஸ் கோர்ஸ் மைதானத்தோட ஒரு பகுதிதான் பார்க்கிங்கா உதவியிருக்கு. பூங்கா போடும்போது அந்த வண்டி எல்லாம் எங்க போகும்?

குதிரையோட கட்சியை யாரும் கேக்கலையேன்னு தோணலாம். பந்தயக் குதிரை ஏறக்குறைய 450–500 கிலோ இருக்கும், ஓடறப்ப மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல வேகம். நாலுகால் பாய்ச்சல்ல ஒரு நொடி முழு பாரமும் ஒரே முன்னங்கால்ல விழும், அதுவும் உடம்பு எடையைப் போல சுமார் ரெண்டரை மடங்கு. நம்ம மணிக்கட்டு மாதிரி மெலிசான எலும்புல ஒரு டன்னுக்கு மேல லோடு. மெக்கானிக்கல் பசங்க ஸ்ட்ரெஸ் கணக்கு போட்டுப் பாருங்க, பயமா இருக்கும். கால் உடைஞ்சா பல சமயம் குதிரையைக் காப்பாத்த முடியாது. மேல ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல சுமார் 77 சதவீதம்தான், மூச்சுக்கு மூச்சு கிடைக்கிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் கம்மி. கடலோரத்துல பழகின குதிரைக்கு அந்த மலைக்காத்து பழகவே நாள் ஆகும். இன்னொரு பக்கம், ரோட்ல குப்பைத் தொட்டியைக் கிளறிக்கிட்டு நிக்கிற குதிரைகளை டூரிஸ்ட் எல்லாரும் ரேஸ் குதிரைன்னு நினைச்சு வீடியோ போடறாங்க. அது சவாரிக்கு விடற குதிரை. சொந்தக்காரங்க அவுத்து விட்டுடறாங்க, நகராட்சி பிடிச்சு அபராதம் போடுது. ரெண்டும் வேற வேற பிரச்சனை.

இது ஊட்டிக்கு மட்டும் உள்ள குழப்பம் இல்லை. ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் கப் நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும், மெல்போர்ன் நகரத்துக்கே அன்னிக்கு லீவு. அதே ஊர்லயே அன்னிக்கு ரேஸ் பார்க்க மாட்டோம்னு தனியா கூடி எதிர்ப்பு தெரிவிக்கிறவங்களும் இருக்காங்க. நமக்கு இன்னும் பக்கத்துல இலங்கை நுவரெலியா. அதே தேயிலை, அதே குளிர், அதே வெள்ளைக்காரன் போட்ட ரேஸ் கோர்ஸ். ஏப்ரல் சீசன்ல கவர்னர் கோப்பை ஓடும். கொழும்புல இருந்து கார் வரிசை கட்டி ஏறும். சுத்தி இருக்கிற தோட்டத்துல மலையகத் தமிழர்கள் கொழுந்து பறிச்சுக்கிட்டு இருப்பாங்க. அங்க இருந்து திரும்பி வந்து நீலகிரில குடியேறின குடும்பங்களும் நிறைய. மலைக்கு ஒரு சட்டம், சமவெளிக்கு ஒரு சட்டம்னு இல்லாம, எந்த மலைல இறங்கினாலும் இவங்க காதுல அதே ரேஸ் சத்தம் விழுந்திருக்கு.

இப்ப நம்ம பக்கம் இறங்குவோம். கடம்பத்தூர்ல இருந்து சென்ட்ரல் போய் கிண்டி போறவங்களுக்கு அந்த ரேஸ் கோர்ஸ் நல்லாவே தெரியும். 1945 ஏப்ரல்ல இருந்து 99 வருஷக் குத்தகை, 160.86 ஏக்கர், வருஷ வாடகை 614 ரூபா 13 காசு. கால்குலேட்டர்ல போட்டேன்: ஏக்கருக்கு வருஷத்துக்கு 3 ரூபா 82 காசு. இங்க கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலைக்கு வர்றவங்க ஒரு சின்ன ரூமை நாலு பேரா பங்கு போட்டு எவ்வளவு வாடகை குடுக்கறாங்கன்னு கேட்டுப் பாருங்க, அப்புறம் இந்த 3 ரூபா 82 காசை இன்னொரு தடவை படிங்க. உயர் நீதிமன்றம் 2023 மார்ச்ல 730.86 கோடி கட்டச் சொல்லிச்சு. 2024 செப்டம்பர்ல அரசு குத்தகையை ரத்து பண்ணி சீல் வச்சது. அதுல 118 ஏக்கர் பூங்காவுக்குன்னு தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கினாங்க, வேளச்சேரி வெள்ளத்தைத் தாங்க அங்க குளங்களும் வெட்டினாங்க.

கிண்டிக்கு இந்த முடிவு சரின்னு நான் அடிச்சுச் சொல்வேன். வேளச்சேரில இடுப்பளவு தண்ணில நின்ன நம்ம சீனியர்ஸ்கிட்ட கேட்டாலும் அதையேதான் சொல்வாங்க. அதே நியாயத்தை அப்படியே ஊட்டிக்குக் கொண்டுபோய் ஒட்ட எனக்குத் தயக்கமா இருக்கு. கிண்டில ரேஸ் நின்னா சென்னை அசையாது, அந்த ஊர்ல ஆயிரம் வேலை இருக்கு. ஊட்டில ரெண்டு மாச சீசன்ல ஒரு துண்டு கழண்டா அது சில நூறு வீட்டு அடுப்புல தெரியும். அதுக்காக 822 கோடி பாக்கியை விட்டுக்குடுக்க முடியுமா? முடியாதுதான். ஆனா பூங்கா வரைபடம் போடறவங்க லாடம் அடிக்கிறவரையும் டாக்ஸி மாமாவையும் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். அந்த இடம் ஒரு காலத்துல ஏரி, அதை ஏரிக்கே திருப்பிக் குடுக்கலாமான்னும் யாராவது யோசிச்சிருக்கணும்.

இதை எல்லாம் நண்பன்கிட்ட சொன்னா, "நீ ஒரு தடவை வந்து பார்த்துட்டு எழுது"ன்னான். வாய்ப்பு உள்ளவங்க போய்ப் பாருங்க. நம்ம ஸ்டேஷன்ல நிக்காம ராத்திரி ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போகுமே நீலகிரி எக்ஸ்பிரஸ், அதுல மேட்டுப்பாளையம் வரைக்கும் போய், அங்க இருந்து மலை ரயில். வண்டி இல்லாம ரயில்ல போனா இ-பாஸ் தொல்லையும் இல்லை. ஊட்டி ஸ்டேஷன்ல இறங்கினா பக்கத்துலயே அந்த மைதானம். வாசல்ல டீ விக்கிறவங்ககிட்ட ஒரு டீ வாங்கிக்கிட்டு, இந்தக் கட்டுரையோட தலைப்பை அப்படியே கேட்டுப் பாருங்க. வர்க்கி வாங்கிட்டு வந்தா ஹாஸ்டல் சி பிளாக்ல குடுங்க, அவன் சொல்லச் சொன்னான்.